கீசர் லைட் அணையும் வரை

இன்று காலை கீசர் மூடியைக் கழற்றியதும் ஒரு வாசனை வந்தது. சூடேறிய பிளாஸ்டிக்கும் போர்வெல் தண்ணீரின் உப்பும் கலந்த வாசனை. ஆப்பில் புக் பண்ணி வந்த டெக்னீஷியன் மூக்கைச் சுருக்கினார். எனக்கோ ரியாஸ் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்ட மாதிரி இருந்தது. சிரிக்காதீர்கள். சிலருக்கு மல்லிகைப்பூ வாசனையில் பழசெல்லாம் ஞாபகம் வரும். நமக்கு வாய்த்தது கீசர்.

ரியாஸ் என் ரூம்மேட். சிட்லபாக்கத்தில் இதே வீட்டில், முதல் வேலையில் சேர்ந்த புதிதில், மூன்று வருஷம் ஒன்றாக இருந்தோம். அவன் அத்தாவுக்குப் பல்லாவரத்தில் எலக்ட்ரிகல் கடை. அந்தக் கல்லாவில் உட்காரக் கூடாது என்பதற்காகவே டிகிரி முடித்து, என்னை மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன். ஆனாலும் சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும். நான் என்ஜினியரிங் படித்தவன், பல்ப் மாற்றவும் அவனைத்தான் கூப்பிடுவேன்.

எங்கள் ஏரியா தண்ணீர் அப்படி. பக்கெட்டில் பிடித்து வைத்தால் மறுநாள் வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும். அதுவே கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயில்மேல் சுண்ணாம்பு மாதிரி படிந்து, ஒருநாள் காயில் வெடித்து, ஸ்விட்சைப் போட்டால் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். சில நாள் கரண்ட் இருக்கும், கீசர் லைட் மட்டும் எரியாது. அதற்கு உள்ளே ஒரு சிவப்பு பட்டன். மெயினை அணைத்துவிட்டு அதை அமுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒருமுறை வால்வில் தண்ணீர் சொட்டுகிறதே என்று நான் துணியை வைத்து இறுக்கிக் கட்டினேன். ரியாஸ் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மச்சான், அது சொட்டுறதாலதான் நீ உயிரோட இருக்க. பிரஷர் வெளிய போவணும்டா. பாமுக்குப் போய் பேண்டேஜ் போட்டு வெச்சிருக்க."

அவனிடம் ஒரு பழக்கம். வேலை முடிந்தாலும் இடத்தை விட்டு நகர மாட்டான். தண்ணீர் முழுக்கச் சூடாகி, உள்ளே 'டக்' என்று கேட்டு, லைட் தானாக அணைய வேண்டும். அதுவரை பாத்ரூம் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பான். எப்படியும் இருபது நிமிஷம்.

கல்யாணம் முடிந்து அவன் கூடுவாஞ்சேரிக்குப் போன பிறகுதான் அந்த இருபது நிமிஷத்தின் அருமை தெரிந்தது. கீசர் மக்கர் பண்ணினால் ஞாயிற்றுக்கிழமை ட்ரெயின் பிடித்து, சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வருவான். ரிப்பேர் பத்து நிமிஷம். அப்புறம் டீயைக் குடித்துக்கொண்டு, தூங்கவே தூங்காத அவன் மகளைப் பற்றி, என் மேனேஜரின் அலப்பறையைப் பற்றிப் பேசுவோம். 'டக்' என்றதும் எழுந்துவிடுவான்.

ஒரு சமயம் பாழாய்ப்போன கீசர் மூன்று மாதம் தொடர்ந்து ஒழுங்காக ஓடியது. பொறுக்க முடியவில்லை. நானே மூடியைக் கழற்றி தெர்மோஸ்டாட் திருகை அடிமட்டத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, தண்ணி சூடாகல மச்சான் என்று போன் போட்டேன். வந்தான். திறந்தான். டார்ச்சை அந்தத் திருகின்மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

"இது எப்படிடா தானா திரும்புச்சு?"

"தெரியல மச்சான். எலியா இருக்கும்."

திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்து மூடியை மாட்டினான். அன்றைக்கு 'டக்' கேட்டும் எழுந்திருக்கவில்லை, இன்னொரு டீ கேட்டான். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு, கூப்பிடாமலே வந்தான். பையில் புதுக் காயில், புது தெர்மோஸ்டாட், புது வால்வு. எல்லாவற்றையும் மாற்றினான். தோஹாவில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாசம் கிளம்புகிறேன் என்று ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே சொன்னான். லைட் அணைந்தது. கேட் வரை போய்த் திரும்பி நின்றான்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணும் ஆவாது. நீயா அதைத் திறக்காத. சும்மா வாடான்னு சொல்லியிருந்தாலே வந்திருப்பேன்டா, பாவம் எலியை ஏன் இழுத்த?"

இரண்டு வருஷத்துக்கு மேலேயே தாங்கியது. நேற்றுதான் லைட் எரியவில்லை. சிவப்பு பட்டன் விஷயம்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. அப்புறம் எதற்கு ஆளை வரவழைத்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

டெக்னீஷியனும் அதே பட்டனைத்தான் அமுக்கினார். ஏழு நிமிஷம். லைட் எரிந்தது, பையை மாட்டிக்கொண்டார்.

"சூடாகுதான்னு இருந்து பாத்துட்டுப் போங்கண்ணா. டீ போடுறேன்."

"அதெல்லாம் ஆயிடும் சார். கோவிலம்பாக்கத்துல அடுத்த கால் வெயிட்டிங். அஞ்சு ஸ்டார் மட்டும் போட்ருங்க."

போட்டேன். பிறகு அந்த நாற்காலியை இழுத்து பாத்ரூம் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். போனில் ரியாஸ் பெயரை எடுத்தேன். தோஹாவில் இருப்பவனைக் கீசர் ரிப்பேருக்குக் கூப்பிட முடியாது. சும்மா கூப்பிட எனக்கு இன்னும் பழகவில்லை. பெயரையே பார்த்துக்கொண்டிருந்ததில் இருபது நிமிஷம் போய்விட்டது.

உள்ளே 'டக்' என்றது. லைட் அணைந்தது. அதைக் கேட்டு எழுந்து கிளம்ப வீட்டில் யாரும் இல்லை.