லண்டனுக்கு எட்டேகால் அங்குலம்

"கையைத் தூக்கு கா," என்றார் தையற்காரி பீற்றிஸ் அக்கா. ஆரையம்பதியிலிருந்து சட்டை தைக்கக் கொடுக்க வந்த மங்கையற்கரசி கையைத் தூக்கினாள். அளவு நாடா அவளைச் சுற்றி வரும்போதே கேள்வியும் வந்தது. "கொழும்பில இருந்து லண்டன் எவ்வளவு தூரம் கா?"

"நல்லாக் கேட்டீங்க. நான் கல்முனைக்கு அங்கால போனதில்லை."

அறுபத்தாறாம் ஆண்டு மாசி மாதம் முழுக்க, புளியந்தீவில் அக்காவிடம் அளவு கொடுத்த எவரும் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. தபாற்கந்தோர் எழுதுவினைஞரின் மனைவி நாலாயிரம் மைல் என்றாள். கோவில் சமையற்காரர் பத்தாயிரம் என்றார். இரண்டையும் அவரவர் இடுப்பளவுக்குப் பக்கத்திலேயே அக்கா கொப்பியில் குறித்துக்கொண்டார்.

ஒரே மகள் ஜோசப்பினுக்கு லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. இருபத்தொரு வயது நிரம்பாத பிள்ளை; தாய் கையெழுத்து வைத்தால்தான் பயணம். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதத் தாள் தபாலில் சேரவேண்டும்.

"திருகோணமலை எண்பது மைல். துறைமுக வேலைக்குப் போன என்ட மனுசன்ட தகரப்பெட்டி மட்டும்தான் திரும்பி வந்தது," என்பார் அக்கா, தையலிலிருந்து கண் எடுக்காமல். மகள் வற்புறுத்தவில்லை. தாளைத் தையல் மெஷினின் இழுப்பு லாச்சிக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

பறக்கும் நேரம் அக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டது. இடையில் இறங்கி ஏறுவதோடு பதினேழு மணித்தியாலம். தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கும் சிறுமிக்குக் கவுன் ஒன்று தைக்க அவருக்கு ஆறு மணித்தியாலம். "மூண்டாவது கவுனுக்குப் பொத்தான் வைக்கக்குள்ள நீ இறங்கிருவாய்."

தூரம்தான் மனதுக்குள் அடங்கவில்லை. வியாழக்கிழமை கல்லடிப் பாலம் கடந்து, பூமிசாத்திரம் படிப்பிக்கும் ஜெயராஜா மாஸ்டரிடம் போனார். சுவரில் தொங்கிய உலகப் படத்தில் அடிமட்டம் வைத்து மாஸ்டர் ஆறாயிரத்து அறுநூறு மைல் என்றார்.

"உலகம் உருண்டை எண்டுதானே படிப்பிக்கிறீங்க?"

"ஓம்."

"உருண்டை உடம்புக்கு விரிச்ச துணியில அளவெடுத்தா சட்டை பிழைக்கும் மாஸ்டர்."

மாஸ்டர் அலுமாரியிலிருந்து பூகோள உருண்டையை இறக்கினார். அக்கா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து முதலில் அதன் இடுப்பைச் சுற்றினார். முப்பத்தெட்டு அங்குலம். "என்னட்டச் சட்டை தைக்கிற இலட்சுமிப்பிள்ளைட இடுப்பும் இதான்," என்றார். அந்த இடுப்பு இருபத்தையாயிரம் மைல் என்றார் மாஸ்டர். பிறகு நாடாவின் தலையைக் கொழும்பில் அழுத்தி, வளைவோடு வளைவாக லண்டனுக்கு இழுத்தார் அக்கா. எட்டேகால் அங்குலம்.

மாஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். ஐயாயிரத்து நானூறு. "பத்து வருசமா அந்தப் படத்தில வைச்சுத்தான் அளக்கிறன் அக்கா."

அக்கா காதில் அது விழவில்லை. அவருடைய பெருவிரல் கொழும்பில் இருந்தது, சுண்டுவிரல் லண்டனில். ஊசி குத்திக் காய்த்த அந்த ஒரு கைக்குள் இரண்டு ஊரும் அடங்கியிருந்தன. கண்ணீர் கடலில் சொட்டியது, முந்தானையால் துடைத்தார்.

மறுநாள் காலை லாச்சியைத் திறந்து கையெழுத்து வைத்தார். கத்தரிக்கோலை எடுத்து, நாடாவின் தலையிலிருந்து எட்டேகால் அங்குலத்தை வெட்டி மகளிடம் நீட்டினார்.

"அம்மா, இனி எப்படி அளப்பீங்க?"

"அது என்ட பாடு. இதை நீ தொலைச்சிராத."

நான்கு வருடமாயிற்று. கடையில் புது நாடா தொங்குகிறது, அக்கா வாங்கவில்லை. மங்கையற்கரசியின் தோளில் தலை வெட்டிய பழைய நாடா இருபத்து மூன்றேகால் காட்டுகிறது. அக்கா ஒரு கணம் ஜன்னலுக்கு வெளியே வாவியைப் பார்க்கிறார். பிறகு குனிந்து, கொப்பியில் பதினைந்து என்று எழுதுகிறார்.