மாலை ஐந்து மணி வரை ஒரு நாடு

எங்கள் பம்ப் தொழிற்சாலையின் கேட்டுக்கு வெளியே, தூறலில் நின்றபடி கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டிய அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மேற்கு சகாராவிலிருந்து துரத்தப்பட்டவர்களின் அகதி முகாமில் பிறந்தவர் அவர். முகாமின் தண்ணீர் பம்புகளைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு மாதப் பயிற்சிக்காக ஒரகடம் வந்திருந்தார். பாஸ் போட்டுத் தரும் மேதை நான். கம்ப்யூட்டரின் நாடுகள் பட்டியலில் அவர் நாடு இல்லை. உலகத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது சுங்குவார்சத்திரம் வரைதான் என்பதால், பக்கத்து நாடுதானே என்று மொராக்கோவைத் தட்டிவிட்டேன். அவர்கள் மண்ணை ஆக்கிரமித்திருக்கும் நாட்டையே அவர் கழுத்தில் மாட்டியிருக்கிறேன்!

“இதைப் போட்டுக்கொண்டு உள்ளே வருவதைவிட நான் திரும்பிப் போகிறேன்” என்றார் ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல். போனால் பயிற்சி போச்சு. முகாமுக்குத் தண்ணீரும் போச்சு. சமாளிப்பதாக நினைத்து, போனில் அப்போதுதான் படித்ததை அள்ளிவிட்டேன்: “எங்கள் அரசு உங்களை அங்கீகரித்ததே!” அவர் சிரித்தார். “தில்லியில் எங்களுக்குத் தூதரகம்கூட இருந்தது. பிறகு அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள். ஐ.நா. பார்த்துக்கொள்ளட்டும் என்கிறீர்கள். நாங்களும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம்.”

வடக்குப்பட்டுக்காரரான செக்யூரிட்டி அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “இன்னா சார் நீ! ஊரு கீதுன்னு ஆளே வந்து நிக்கிறாரு. நீ கம்ப்யூட்டர் பொட்டியக் கேட்டுகினு கீறியே. கையால எழுதுற சீட்டு இல்ல? அதுல எழுது.”

எழுதினேன். மேற்கு சகாரா. மேலே ஒரு சீல். ஆனால் கைச்சீட்டு ஒரு நாளுக்குத்தான் செல்லும். மாலை ஐந்து மணிக்குக் கேட்டில் திருப்பித் தந்தாக வேண்டும். காலைப் பனியில் லாரிகள் மிதந்து வர, அவற்றுக்கு நடுவே அவரும் மிதப்பதுபோல் நடந்து வருவார். அங்கீகரிப்பேன். மாலையில் திரும்பப் பெறுவேன். அரசுக்குப் பல ஆண்டுகள் பிடித்த வேலையை நான் தினமும் ஒரே ஷிப்டில் முடித்தேன்.

கடைசி நாள் மாலை அவர் சீட்டைத் தரவில்லை. “முகாமில் அம்மாவிடம் காட்ட வேண்டும்” என்றார். விதிப்படி சீட்டு திரும்பி வந்தாக வேண்டும் என்றேன். கேட் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த அண்ணன் பேனாவை மூடினார். “சீட்டு வரலன்னா ஆளு வெளிய போலன்னு அர்த்தம். அப்படியே இருக்கட்டும். நீ பத்திரமா போ தம்பி.”

இப்போது நான் அதிகாரி. அரசு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவருக்கு நாடு இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் பழைய பதிவேட்டில் மட்டும், வெளியேறிய நேரம் எழுதப்படாமல், மேற்கு சகாரா நாட்டவர் ஒருவர் ஒரகடத்தில் பம்பு பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார்.