றுகையா மாமியின் குளத்துக்கு வந்த விருந்தாளிகள்

றுகையா மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. கணவரும் மௌத்தான பிறகு, நற்பிட்டிமுனையில் தன் வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டி நன்னீர் இறால் வளர்த்தார். விடிந்தால் தவிடும் கையுமாகக் கரையில் நின்று, "வாங்க மக்காள், தின்னுங்க" என்பார். பக்கத்து வீட்டுக்காரி நான். என்னை ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை.

மாமியின் உயிர்த்தோழி சொறிக்கல்முனைச் செல்லத்தங்கம். தொண்ணூறாம் ஆண்டுத் தமிழ்–முஸ்லிம் கலவரத்தோடு இரண்டு ஊருக்கும் போக்குவரத்து அறுந்துபோனது. தொண்ணூற்றேழில் அவர் வயல் வரம்பால் மறுபடி நடந்து வந்த அன்று, இருவரும் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் எனக்கும் மூக்கு ஒழுகியது.

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு மாமி சாப்பாட்டுச் சட்டியை ஒரு வாளிக்குள் வைத்து அவருக்குக் கொடுத்தனுப்பினார். வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. செல்லத்தங்கத்தின் கணவர் கதிர்காமத்தம்பி ஆற்றில் இறால் பிடித்துவந்தார். அதை உயிரோடு வாளித் தண்ணீரில் விட்டு, செல்லத்தங்கமே சுமந்து வந்தார். மாமி அதைக் கறியாக்கி ஆணம் காய்ச்சியிருக்கலாம். தோழி தந்ததைக் கொல்ல மனம் வருமா? குளத்தில் விட்டுவிட்டார்.

கொஞ்ச நாளில் குளத்து இறாலின் ஓட்டில் கறுப்புப் புள்ளி விழுந்தது. மீசை அறுந்தது. தீனி எடுக்காமல், கரையில் செத்து ஒதுங்கத் தொடங்கின. மாமி குர்ஆனின் யாசீன் ஓதிய தண்ணீரையும் ஊற்றிப் பார்த்தார்.

மீன்பிடி அதிகாரி வந்தபோது செல்லத்தங்கமும் அங்கேதான் நின்றார்.

"வெளி இறால் ஏதும் விட்டீங்களா? ஆத்து இறால் நோயக் கொண்டு வரும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. நெருக்கமா வளர்க்கிற இடத்துல மளமளண்டு பரவிரும்."

குளத்தை வற்றவைத்துக் காயவிட்டுச் சுண்ணாம்பு போடச் சொன்னார் அவர்.

"ஓம் ஐயா, நான்தான் விட்டன்" என்றார் மாமி. யார் தந்தது என்று மூச்சும் விடவில்லை. செல்லத்தங்கம் முகம் வெளிறி, ஊற்றிவைத்த தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார். பிறகு வரவேயில்லை.

குளம் காய்ந்து வெடித்தது. மாமிக்குச் சோறு இறங்கவில்லை. இறாலை நினைத்துத்தான் என்று எண்ணி, "எல்லாம் அவ கொண்டுவந்த சனியன்தானே மாமி" என்றேன்.

"வாயப் பொத்துகா!" என்று சீறினார். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் புறப்பட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

செல்லத்தங்கம் வீட்டு முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மாமியைக் கண்டதும் சுளகைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

"ராத்தா, ஆசையாக் கொண்டுவந்து உங்கட குளத்த அழிச்சிட்டனே. எந்த முகத்தோட நான் அங்க வாற?"

"சுண்ணாம்பு போடணும். எழும்பு புள்ள."

"என்ட கை பட்டா இன்னும் என்னென்ன வருமோ."

மாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இறால் போனா குஞ்சு வாங்கி விடலாம். இத்தின வருஷம் உன்னக் காணாம இருந்தது போதாதா? நீயும் வராம விட்டா, நான் ஆரோட கதைக்கிற?"