இரண்டாம் எதிராளி

முல்லைத்தீவில் வழக்குகள் எழுதிக்கொடுக்கும் ஒரு பிரக்கிராசியாரிடம் நான் கிளாக்கராக இருந்த காலம். மாசி மாதத்தில் ஒருநாள் ஒட்டுசுட்டானிலிருந்து நாகம்மா முதல் பஸ்ஸில் வந்திறங்கினார். புருசனை இழந்தவர், மூன்று ஏக்கர் வயலைத் தனியே செய்தவர்.

"தம்பி, சூட்டை யானை திண்டிட்டுது. விதைநெல்லுக்கும் ஒண்டுமில்லை."

யானை மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் அடுக்கிவைத்த கதிர்ச் சூட்டை மிதித்து நெல்லாக்கத் திகதி சொல்லியிருந்த செல்லையாவின் உழவு மிசின் வரவேயில்லை. முள்ளியவளை அரிசி ஆலை முதலாளி கூடுதல் கூலி பேசி அதைத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டார். நாகம்மாவின் கதிர்க்கட்டுகள் ஒரு கிழமை காட்டோரம் கிடந்தன. மிச்சத்தை யானை பார்த்துக்கொண்டது.

இருவர் பேசிய ஒப்பந்தத்தைத் தெரிந்துகொண்டே மூன்றாம் ஆள் குழப்பினால், அவரிடமும் நட்டஈடு கேட்கலாம். 'தெரிந்துகொண்டே' என்பதுதான் வழக்கின் உயிர். அதற்கு யார் சாட்சி?

செல்லையா தானாகவே கந்தோருக்கு வந்தார். தலை நிமிரவில்லை.

"நாகம்மாக்காவுக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டன் எண்டு முதலாளியிட்டைச் சொன்னனான். 'அந்த மனிசி என்ன செய்யப்போறா, மிசினை இஞ்சை விடு' எண்டவர். கோட்டிலையும் சொல்லுறன். என்னை மட்டும் வழக்கிலை மாட்டிப்போடாதேங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்ன சொல்லை முறித்தவன் நோகாமல் தப்புவதா? முதலாளியை முதலாம் எதிராளியாகவும் செல்லையாவை இரண்டாம் எதிராளியாகவும் டைப் அடித்தேன். செல்லையா வந்துபோனதைப் பிரக்கிராசியாரிடம் சொல்லவில்லை. அவர் என்னை நம்பிக் கையெழுத்து வைத்தார்.

அழைப்பாணை போன மறுநாளே முதலாளி இருவருக்குமாக கோட்டில் வாதாட ஒரே அப்புக்காத்தைப் பிடித்தார். சாட்சிக்கூட்டில் செல்லையா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முதலாளிக்கு இதொண்டும் தெரியாது, ஐயா."

முதலாளி விடுபட்டார். தீர்ப்பு செல்லையா மேல் மட்டும். அவரிடம் கட்ட வழியில்லை. கோட்டுக் கட்டளைப்படி மிசின் பிஸ்கால் ஏலத்துக்குப் போனது. எடுத்தவர் முதலாளி. ஏலக்காசில் நாகம்மாவுக்குக் கிடைத்தது விதைநெல் வாங்குவதோடு சரி.

அடுத்த அறுவடைக்கு நாகம்மா திரும்ப வந்தார்.

"தம்பி, வழக்கிலை வெண்டதெண்டு சொன்னீங்கள். செல்லையாவிட்டை இப்ப மிசினில்லை. முதலாளியிட்டைத்தான் கேக்கவேணும். நான் போனால் கலைச்சுப்போடுவார். நீங்கள் ஒருக்கால் கேளுங்கோவன்."

போனேன். முதலாளி என்னைப் படலையடியிலேயே நிற்கவைத்தார்.

"எல்லாற்றை சூடும் முடியட்டும், பாப்பம்."

அந்த வருசமும் நாகம்மாவின் சூடு காட்டோரம் கிடந்தது. வெட்கத்தில் நான் ஒட்டுசுட்டான் பக்கம் போகவில்லை.

பிறகும் பல வருசம் வழக்குகள் எழுதினேன். எதிராளியின் பெயரை அடிக்குமுன், எங்களுக்காக வாய் திறக்கக்கூடிய ஒரே ஆள் இவர்தானா என்று கேட்கப் பழகினேன். நாகம்மாவின் வழக்கில் அதைக் கேட்காமல் விட்டவன் நான். அந்த வழக்கைத் தோற்கடித்தது முதலாளியல்ல.