விலக்கு நின்ற பதினான்கு மாதங்கள்

1969-ஆம் ஆண்டு ஜூன் 17, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். மேற்கே மேகம் கட்டியிருந்தது, மழை இல்லை. தொப்பூர் கணவாயில் மேல்காற்று புழுதியை வாரி அடித்தது. சேலத்திலிருந்து நாங்கள் வந்த பஸ், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி மலைப்பக்கம் மோதியது. பஸ்ஸில் முப்பத்தொரு பேர். முப்பது பேருக்குச் சிராய்ப்பு. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு மட்டும் தலை இரும்புக் கம்பியில் மோதி மண்டை பிளந்தது. அவளுக்கு வயது இருபத்தாறு, எனக்கு முப்பத்து நான்கு.

சேலம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். முப்பத்தாறாம் நாள் நல்லம்பள்ளிக்கு அழைத்து வந்தேன். அங்கே ஒன்றிய அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. வீட்டில் என் அம்மாவும் எங்கள் நான்கு வயதுப் பெண்ணும். டாக்டர் சொன்னபடி நான் கூடத்தில் தனியாகப் படுத்தேன். அம்மா அவள் பக்கத்தில் படுத்தாள்.

அவளுக்குப் பேச்சு மெல்லத்தான் வந்தது. எப்போதும் அசதி. ஆடி மாதத்திலும் குளிர்கிறது என்று கம்பளி கேட்டாள். காலையில் நடந்தது மாலையில் மறந்துவிடும். முதல் வாரத்தில் என்னிடம் பேசியவை இருபத்திரண்டு வார்த்தைகள். எண்ணினேன்.

காயத்துக்குக் கட்டு மாற்ற ஒருநாள் விட்டு ஒருநாள் பதினோரு மணிக்கு ஊர் மருந்தகத்திலிருந்து ஒரு கம்பவுண்டர் சைக்கிளில் வருவார். சுருட்டை முடி, அடர்த்தி. எனக்கு அப்போதே முன்மண்டை தெரிய ஆரம்பித்திருந்தது. முதல் நாள் நான் லீவில் இருந்தேன். அவர் உள்ளே வந்ததும் கட்டைப் பார்த்து, "என்னங்கம்மா, தலப்பா கட்டிக்கிட்டு எந்தப் பஞ்சாயத்துக்குக் கெளம்பிட்டீங்க?" என்றார்.

அவள் சிரித்தாள். விபத்துக்குப் பின் அதுதான் முதல் சிரிப்பு. கண் திறந்ததிலிருந்து இருபத்தைந்து நாள் கஞ்சி ஊட்டியவன் நான்.

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் அலுவலகத்திலிருந்து பாதியில் வந்து, எதிர்க்கடையில் நின்று பார்த்தேன். கட்டு மாற்றப் பன்னிரண்டு நிமிடம் போதும். சைக்கிள் என் வாசலில் நாற்பது நிமிடம் நின்றது. அம்மா அப்போது காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். செப்டம்பர் முடிவில் காயம் ஆறும்வரை அவர் வந்தது முப்பத்திரண்டு தடவை.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை அம்மா சமையலறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஏண்டா, உம்பொண்டாட்டி வூட்டுக்கு வந்து மூணு மாசமாச்சு, ஒரு தரங்கூட வெளியில ஒக்காரல. நீ கவனிச்சியா?"

மாதவிலக்கு நாட்களில் பின்கட்டில் தனிப் பாயில் உட்காருவது எங்கள் வீட்டு வழக்கம். அந்தப் பாய் சுருட்டியபடியே கிடந்தது.

"ரவிக்கையில பாலும் சொட்டுது. பஸ்ஸு மோதறதுக்கு முந்தியே தங்கியிருக்கு. இத்தன சீக்கிரம் பால் கட்டினா ஆம்பளப் புள்ளதான்" என்றாள்.

விபத்துக்கு மூன்று நாள் முன்புதான் அவள் விலக்கு முடிந்து தலைக்குக் குளித்தாள். அதற்குப்பின் அன்றுவரை நான் அவளைத் தொடவில்லை. இதை எப்படிக் கூட்டினாலும் விடை ஒன்றுதான் வந்தது. அடுத்த ஆறு நாளில் வேலையில்லாமல் நான்கு முறை மருந்தகத்துப் பக்கம் போய் அந்தச் சுருட்டை முடியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏழாம் நாள், அம்மா காட்டுக்குப் போனதும், அவளிடம் கேட்டேன்.

"யாருது?"

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும், "நீங்க இல்லீங்களா?" என்றாள்.

"நான் இல்ல."

"எனக்கு ஒண்ணும் நெனப்பில்லீங்களே. நேத்து என்ன சோறு தின்னேன்னு கேட்டாலே தெரியாது. நீங்கதான எல்லாத்துக்கும் கணக்கு வெக்கிறீங்க, நீங்களே சொல்லுங்க."

மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் மறுக்கவில்லை. தன் மேல் தனக்கே நிச்சயம் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அதைக்கூட அவள் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன். அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன் எனக்குத் தேதி தெரிய வேண்டியிருந்தது. தலைக்குப் பார்க்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, பெங்களூரில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

பரிசோதித்துவிட்டு வந்த டாக்டரிடம், "எத்தனை வாரம்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"எதுக்கு வாரம்? வயித்துல ஒண்ணும் இல்லியே."

"பால் வருதுங்களே."

டாக்டர் திரும்பிப் போய் அவள் கூந்தலை விலக்கிப் பார்த்தார். "இந்தத் தழும்பு எப்ப ஆச்சு?"

"ஜூன் பதினேழு, மூணு இருபது."

"நிமிசம் வரைக்கும் சொல்றீங்க. இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

நம்பாமல் நின்றேன். சிறுநீரைத் தவளைக்கு ஊசியில் ஏற்றிப் பார்க்கும் சோதனையும் செய்தார்கள். மறுநாள் முடிவு வந்தது: கர்ப்பம் இல்லை. டாக்டர் காகிதத்தில் மூளையை வரைந்து, அடியில் ஒரு புள்ளி வைத்தார்.

"கொண்டைக்கடலை அளவு சுரப்பி. மாசவிலக்கு, பால், ஒடம்புச் சூடு, தெம்பு எல்லாம் இது சொல்றபடிதான். அடிபட்டப்போ இதோட காம்பு நசுங்கியிருக்கு. அதான் விலக்கு நின்னு பால் வருது. மாத்திரை தர்றேன். நாள் பிடிக்கும். பல பேருக்கு மெல்லத் திரும்பிடும்."

அவள் பக்கத்து நாற்காலியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதன்பின் பத்தொன்பது நாள் என்னிடம் பேசவில்லை.

சந்தேகம் போயிற்று. பொறாமை போகவில்லை. சந்தையில் கம்பவுண்டர் எதிர்ப்பட்டு, "அம்மா நல்லா இருக்காங்களா சார்?" என்று கேட்டார். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. அவள் குணமாகிறாள் என்று சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை. அந்த முதல் சிரிப்பை அவர் வாங்கிவிட்டார் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

மாத்திரையில் முதலில் குளிர் விட்டது. பிறகு அசதி குறைந்தது. தை மாதத்தில் பால் வற்றியது. சித்திரையில் காட்டு வேலைக்குப் போனாள். 1970 ஆகஸ்டில் ஒரு காலை, யாரிடமும் சொல்லாமல், பின்கட்டில் அந்தப் பாயை உதறிப் போட்டு உட்கார்ந்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனேன்.

"ஏங்க, நில்லுங்க" என்றாள். "நான் கெட்டவ இல்லைன்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு மொத்தம் எவ்வளவுங்க ஆச்சு?"

கேலியா என்று பார்த்தேன். இல்லை, பதிலுக்குக் காத்திருந்தாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியும். பஸ், லாட்ஜ், டாக்டர், தவளைச் சோதனை, ஒன்பது மாத மாத்திரை எல்லாம் கூட்டி, நின்ற இடத்திலேயே சொன்னேன்: முந்நூற்று நாற்பத்தேழு ரூபாய் அறுபத்தைந்து பைசா.