இடது தோளுக்குக் கீழே

நெஞ்சில் கருவி வைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது என் கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வெல்டிங் பண்ணலாமா, சாப்?"

டாக்டர் மராட்டிக்காரர். எங்களுக்காக இந்தியில் பொறுமையாக விளக்கினார். இதயத் தசை மிகவும் தளர்ந்துபோயிருக்கிறது. துடிப்பு எப்போது வேண்டுமானாலும் தாறுமாறாகி நின்றுவிடலாம். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைக்கும் சின்னப் பெட்டி அதைக் கண்டுபிடித்து, உள்ளிருந்தே ஷாக் கொடுத்துச் சரிசெய்யும். ஆனால் வெல்டிங் மெஷின் பக்கத்தில் இனி நிற்கவே கூடாது. அதன் மின்சாரம் கருவியைக் குழப்பிவிடும்.

இவர் தலையாட்டிக்கொண்டார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, "வேணாம்டி" என்றார். "வீட்டுக்குப் போவோம்."

நாங்கள் திண்டுக்கல் பக்கம். கல்யாணமான கையோடு புனே வந்தோம். கசார்வாடியில், பழைய ஹைவேக்குப் பின்னால், ஒரு மராட்டி நண்பரோடு சேர்ந்து இவர் பட்டறை வைத்திருந்தார். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்து கொடுப்பார்கள். அந்தத் தெருவுக்கே இவர் 'அண்ணா'. நான் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒரே மகள், விமான் நகரில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறாள்.

முதல்முறை பட்டறையில் மயங்கி விழுந்தபோது வெயில் என்று நினைத்தோம். இரண்டாவது முறை வீட்டில், என் கண்ணெதிரே. ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே தட்டின் மேல் சாய்ந்தார். தானாகவே விழித்துக்கொண்டு, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். அதன் பிறகுதான் டெஸ்ட், ஸ்கேன் எல்லாம்.

கருவி வேண்டாம் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன். மகள் தன் தமிழில் சொல்லிப் பார்த்தாள். "டென்ஷன் எடுக்காதீங்க, பப்பா. என் ஆபீஸ்ல ஒருத்தரோட பப்பாவுக்கும் இது இருக்கு. டெய்லி வாக்கிங் போறார்." அவள் தமிழைக் கேட்டால் எப்போதும் சிரிப்பவர், அன்று சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, வச்சுக்கறேன்" என்றார். "நீங்க ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கணும்ல."

ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப் போன பிறகு, சிஸ்டர் வெளியே வந்து ஒரு பிளாஸ்டிக் கவரை என்னிடம் கொடுத்தாள். அதில் அவர் கண்ணாடி, மோதிரம், வெட்டியெடுத்த அரைஞாண் கயிறு. அந்தக் கயிற்றை மட்டும் கவரின் அடியில் தள்ளினேன். மகள் கவரை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவரை முழுதாக மயக்கவில்லை. "முகத்த துணியால மூடிட்டாங்க" என்று பிறகு சொன்னார். "தோள்ல யாரோ ஒரு பையத் தச்சு, அதுக்குள்ள எதையோ அமுக்கி அமுக்கித் திணிக்கிற மாதிரி இருந்துச்சு."

வீட்டுக்கு வந்தபின் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. நான்தான் சட்டை மாட்டிவிட்டேன், தலை வாரிவிட்டேன். புடைத்திருந்த இடத்தை அவர் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார். பட்டறை நண்பர் வந்து உட்கார்ந்து ஆர்டர்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார். கொஞ்ச நாளில் பீகாரிலிருந்து வந்த ஒருவரை வெல்டிங்குக்கு வைத்துக்கொண்டதாகச் சொன்னார். "நல்லது பாவு" என்றார் இவர், மராட்டியில் சகோதரனை அழைப்பதுபோல. அதற்கப்புறம் பட்டறையைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டார்.

தையல் ஆறி, கையைத் தாராளமாக ஆட்டத் தொடங்கியிருந்தார். ஒரு நாள் காலை குளிக்கப் போனவர் அலறினார். அவ்வளவு வருஷத்தில் அவரிடமிருந்து நான் கேட்டிராத சத்தம். கதவு உள்ளே தாழ்ப்பாள். நான் தட்டத் தட்ட, தரையில் நகர்ந்து வந்து எப்படியோ திறந்தார். உடம்பெல்லாம் சோப்பு.

"நெஞ்சுல எவனோ எட்டி உதைச்சான்டி."

தோளைப் பிடித்தேன். அப்போது இரண்டாவது அடி. என் உள்ளங்கையிலும் சுரீரென்றது. மூன்றாவது அடி ஆம்புலன்ஸில்.

ஆஸ்பத்திரியில் மவுஸ் மாதிரி ஒன்றை அவர் நெஞ்சின் மேல் வைத்து, நடந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். "மூன்று முறையும் மெஷின் சரியாக வேலை செய்திருக்கிறது. இது இல்லையென்றால் இன்று இவர் இல்லை" என்றார் டாக்டர். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இவர் கேட்டார்: "இன்னும் எத்தனை தடவை அடிக்கும், சாப்?"

டாக்டர் மாத்திரைகளை மாற்றி எழுதினார். பிறகு என்னையும் மகளையும் தனியாக அழைத்தார். தசை இன்னும் தளர்ந்திருக்கிறது. கருவி துடிப்பைக் காக்கும், இதயத்துக்குப் பலம் தராது. வேறு இதயம் வைக்க, கெட்டுப்போயிருக்கும் இவர் சிறுநீரகங்கள் இடம் கொடுக்காது.

அதிலிருந்து அவருக்குக் குளியலறை என்றாலே பயம். கதவைச் சாத்துவதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கிறார். நான் வெளியே நிற்கிறேன். ஒவ்வொரு செம்புத் தண்ணீருக்கும் "இருக்கியா?" என்கிறார். "இருக்கேங்க" என்கிறேன். சிரிக்கப் பயம், கோபப்படப் பயம், இரண்டு படி ஏறப் பயம்.

ஒரு நாள் துண்டால் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அன்னிக்கு சாப்பிடும்போதே போயிருக்கலாம். வலிக்கவே இல்லடி" என்றார். நான் துடைத்து முடித்தேன்.

போன முறை டாக்டரிடம் அவரே நேராகக் கேட்டார், ஷாக்கை நிறுத்திவிட முடியுமா என்று. முடியும், அதற்குக் கத்தி வைக்கத் தேவையில்லை, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்றார் டாக்டர். மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். வீட்டுக்கு வந்தபின் இரண்டொரு முறை அவர் ஆரம்பித்தார். "நீ சரின்னு சொன்னாத்தான் செய்வாங்க போல." யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை, பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது அவரால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்க முடிகிறது. கால்கள் வீங்கியிருக்கின்றன. இன்று காலையில் கால் பிடித்துவிடும்போது என் கட்டைவிரல் பதிந்த இடத்தில் குழி அப்படியே நின்றது. அவரும் அதைப் பார்த்தார்.

"டாக்டருக்குப் போன் போடு" என்றார். வீக்கத்தைச் சொல்வதற்காக அல்ல என்று எனக்குத் தெரியும்.

"மொதல்ல சாப்பிடுங்க. அப்புறம் போடறேன்" என்று சொல்லிவிட்டு, கஞ்சி வைக்க எழுந்து போனேன்.