சம்மணம் போட முடியாத காலண்டர் ஏஜென்ட்

காலண்டர் ஏஜென்ட் வேலைக்கு வாய்தான் மூலதனம் என்பார்கள். அதெல்லாம் அந்த வேலை பார்க்காதவர்கள் பேச்சு. மூலதனம் முட்டி. சிவகாசி அச்சாபீஸில் சாம்பிள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, விருதுநகர் பஜாரில் இறங்கி, கடை கடையாகப் படி ஏறி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முதலாளிக்கு எதிரே ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முருகனையும் மகாலட்சுமியையும் தாள் தாளாகப் புரட்டிக் காட்டி, ஆர்டர் வாங்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னேனே, எழுந்திருப்பது, அதுதான் வேலையே. ஐம்பதைத் தாண்டி முட்டியோடும் இடுப்போடும் மல்லுக்கட்டுகிற சொந்தங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கும் வயசாகாமலா போகும்!

ஊர் முழுக்க வைத்தியர்

எனக்கு வாதம் முதலில் வலது இடுப்பில் வந்தது. அப்புறம் தனியாக இருக்கப் பிடிக்காமல் இரண்டு முட்டிக்கும் இறங்கியது. ஜமுக்காளத்திலிருந்து எழும்போதெல்லாம் என்னை அறியாமல் "முருகா!" என்று கத்திவிடுவேன். ஆல்பத்தில் முதல் படம் முருகன் என்பதால் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். ரொம்ப நாள் அந்தப் பக்தி ஓடியது. பிறகு ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவுதான், பஜாரில் இருந்த அத்தனை பேரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள். முடக்கத்தான் கீரைத் தோசை சாப்பிடச் சொன்னார் பருப்புக்கடைக்காரர். நொச்சியிலை ஒத்தடம் என்றார் அடுத்த கடைக்காரர். செம்புக் காப்புப் போடச் சொன்னவர் தன் கையைக் காட்டினார், அந்தக் கை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

வாங்கிக்கொள்கிற மனசு எனக்கு. சொன்னதை எல்லாம் செய்தேன். வேப்பெண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் காய்ச்சித் தேய்த்துக்கொண்டு லைனுக்கு, அதாவது ஆர்டர் பிடிக்கும் கடைச் சுற்றுக்கு, போனேன். எண்ணெய்க்கடை முதலாளியே மூக்கைப் பொத்திக்கொண்டார் என்றால் பாருங்கள். "ஆல்பத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க அண்ணாச்சி, மகாலட்சுமி மேல கூட வேப்பெண்ணெய் வாடை அடிக்குது!"

ஆல்பம் தப்பித்தது

ஐம்பத்தேழு வயதில், ஒரு மழை நாளில், சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. ஒரு கையால் கம்பியைப் பிடித்திருக்கலாம். ஆனால் இரண்டு கையிலும் ஆல்பம். சகதியில் போட்டால் படம் வீணாகிவிடுமே என்று அதை மார்போடு அணைத்துக்கொண்டு வலது இடுப்பு தரையில் மோத விழுந்தேன். படக்கென்று ஒரு சத்தம். எலும்பு என்று எனக்கே தெரிந்துவிட்டது.

மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே வாதத்தில் தேய்ந்த மூட்டு, முறிந்ததை ஒட்டவைத்தால் நிற்காது, தொடையெலும்பின் உருண்டையை எடுத்துவிட்டு எஃகில் ஓர் உருண்டை பொருத்தலாம், இந்த ஆபரேஷன் இங்கே புதுசு என்றார். இனி நடப்பேனா மாட்டேனா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் அச்சாபீஸ் மிஷின்மேன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டில் ஓரமாக நின்றார். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "கம்பெனியில எல்லாரும் கேக்கச் சொன்னாக அண்ணாச்சி, ஆல்பத்துக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஆசாரியின் வேண்டுகோள்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் கழித்து இரண்டு கக்கத்திலும் கட்டையைக் கொடுத்து நிறுத்தினார்கள். பத்து அடி நடந்தேன். காலை ஊன்றினால் பழைய குடைச்சல் இல்லை! புண் வலித்தது, சதை வலித்தது, ஆனால் ஆறு வருஷமாக உள்ளே உட்கார்ந்து அரித்துக்கொண்டிருந்ததே, அது போயே போய்விட்டது. வார்டு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். என் வீட்டுக்காரி, "நடந்துட்டீகள்ல, இப்ப எதுக்கு அழுகை?" என்று அதட்டிவிட்டு அவளும் முந்தானையை எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று கட்டளை போட்டார். ஆயுசுக்கும் தரையில் சம்மணம் போடக் கூடாது. குந்தக் கூடாது. இடுப்பை மடக்கிக் குனியக் கூடாது. மீறினால் உருண்டை குழியிலிருந்து நழுவிவிடும். குந்தாமல் காலைக்கடன் எப்படி? யோசித்து யோசித்து, பலகையில் வட்டமாக ஓட்டை போட்டு ஒரு நாற்காலி செய்யச் சொன்னேன். ஆசாரி அருமையாகச் செய்து, இழைப்புளி போட்டு வழவழவென்று ஆக்கிக் கொண்டுவந்து இறக்கினார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எம்புட்டோ நாற்காலி செஞ்சிருக்கேன் அண்ணாச்சி, இதை மட்டும் யாரு செஞ்சதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லிராதீக."

உரசுமா, உரசாதா?

ஆறு மாதம் கழித்துக் கைத்தடியோடு கம்பெனிக்குப் போனேன். எங்கள் முதலாளி நல்ல மனுஷன். கோடவுனில் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறேன், உட்கார்ந்து தாள் எண்ணுங்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருஷம் ஓடிய லைன் அது. அதை விட்டுக்கொடுத்தால் எனக்கு எஃகு உருண்டை எதற்கு, கட்டிலிலேயே கிடந்திருக்கலாமே! லைன்தான் வேண்டும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, ஆயுத பூஜைக்குள் விருதுநகர் பஜார் ஆர்டர் வந்தால் லைன் உங்களுக்கு, வராவிட்டால் புது ஆளுக்கு, வருத்தப்படக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

முதலில் பழகிய இடமாகப் போவோம் என்று வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். மருந்து புழங்கும் இடத்தில் இரும்புக்கு அனுமதி கிடையாது, உரசினால் பொறி பறக்கும். வாசலில் வாட்ச்மேன் என் சாவிக்கொத்தை வாங்கினார், இரும்புப் பூண் போட்ட கைத்தடியை வாங்கினார். வெடி விவகாரமாயிற்றே, மறைக்கக் கூடாது என்று, "இடுப்புக்குள்ளேயும் இரும்பு இருக்கு" என்று உண்மையைச் சொன்னேன். எடுத்துக் கொடுங்க என்று கையை நீட்டினார். எடுக்க வராது என்று விளக்கினேன். மனுஷன் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே ஓடினார். கால் மணி நேரம் கழித்து வந்து, கேட்டைத் திறக்காமலே கேட்டார்: "நடக்கையில அது உரசுமா, உரசாதான்னு போர்மேன் கேட்டுட்டு வரச் சொன்னாக."

நிற்கிற ஆள்

பட்டாசுக் கம்பெனியில் ஒருவழியாக ஆபீஸ் வரைக்கும் விட்டார்கள், அங்கே நாற்காலி உண்டு, ஆர்டரும் கிடைத்தது. விருதுநகர் பஜார் அப்படியில்லை. அங்கே முதலாளிக்கு மெத்தை, வந்தவருக்கு ஜமுக்காளம். யாராக இருந்தாலும் உட்கார்ந்துதான் பேச வேண்டும். நிற்கிறவன் நன்கொடை கேட்க வந்தவன், இல்லாவிட்டால் சண்டைக்கு வந்தவன். நான் போய் ஆல்பத்தை வயிற்றில் முட்டுக்கொடுத்து நின்றபடி புரட்டினால் முதலாளிமார் அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்தைத் தடவிக்கொண்டார்கள். மடக்கு ஸ்டூல் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அது இன்னும் மோசம். முதலாளி கீழே, நான் மேலே! "என்ன அண்ணாச்சி, காலண்டர் காட்ட வந்தீகளா, பஞ்சாயத்துப் பண்ண வந்தீகளா?" என்றார் பருப்புக்கடைக்காரர்.

நீங்கள் கேட்பீர்கள், விஷயத்தைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று. சொல்ல வாய் வரவில்லை, அதுதான் கேடு. இடுப்பில் இரும்பு என்று தெரிந்தால், ஆள் முடிந்தான் என்று பஜாரே பேசும், அந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் சிவகாசிக்குப் போய்விடும். அதனால் பழைய வாதம்கூடத் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, எல்லாக் கடையிலும், "கொஞ்சம் அவசரம் முதலாளி, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கணும்" என்று புளுகினேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள், மல்லிக்கடையார் குடுக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று. அந்தப் பஜாரில் பெரிய கை, கொத்தமல்லி மொத்த வியாபாரம் பண்ணும் மல்லிக்கடை முதலாளிதான். அவரிடம் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் உட்காருங்க என்றார், இரண்டு தடவையும் அவசரம் என்றேன். ஆல்பத்தை அவர் தொடவே இல்லை. "உக்கார நேரமில்லாத ஆளுக்கு எதுக்குங்கேன் எங்க ஆர்டர்?"

எழுந்திருக்காத முதலாளி

மல்லிக்கடை முதலாளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார் வந்தாலும் மெத்தையை விட்டு எழுந்திருக்க மாட்டார். கோயில் கமிட்டி வந்தாலும் இருந்த இடத்தில் ஒரு கும்பிடு. சொந்தச் சம்பந்தி வந்தபோதும் அப்படியே. மல்லிக்கடையாருக்குத் திமிர் என்று ஊரே பேசும். டீக்கடையில் நின்று நானும் பேசியிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வருவது வரட்டும் என்று மூன்றாவது தடவை போனேன். மதியம் மூன்று மணி. கடையில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. "கணக்குப்பிள்ளையை வழியில பாத்தீகளா?" என்றார். இல்லையே என்றேன். "ரயில்வே கூட்ஸ் செட்டுக்கு லோடு அனுப்பப் போனவன், இன்னும் காணோம்." வாசலை இரண்டு தடவை பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "ஆல்பத்துக்காரரே, கதவைச் சாத்திட்டு வாங்க" என்றார். போச்சுடா, கதவைச் சாத்தித் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "எந்திரிக்கணும். என்னால முடியல. எட்டு வருசமா முட்டி ரெண்டும் போச்சு. அவன்தான் தூக்கி விடுவான், வேற ஒருத்தருக்கும் தெரியாது. எந்திரிக்க வேண்டி வந்துருமோன்னு பகல்ல தண்ணி கூடக் குடிக்க மாட்டேன். இன்னைக்கு வந்தவுகளுக்குக் கலர் சோடா வாங்கிக் குடுத்து நானும் ஒண்ணைக் குடிச்சுத் தொலைச்சுட்டேன்."

பதறிப்போய்க் கையை நீட்டினேன். பாதியில் டாக்டர் ஞாபகம் வந்து அப்படியே நின்றுவிட்டேன். "முதலாளி, என்னால குனிய முடியாது. இடுப்புல எலும்பை எடுத்துட்டு இரும்பு வச்சிருக்காக. கீழ உக்காரவும் கூடாது. அதான் நின்னேன். பஸ்ஸாவது ஒண்ணாவது!" அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். நான் அவரைக் குனியாமல் பார்த்தேன். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஏய்யா, சிரிக்க வைக்காதீகய்யா, எனக்கு அவசரம்!"

மூட்டைப் படி

ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டில் விவசாயிக்கு இரண்டு முட்டியும் மடங்காது. அவரைத் தரையிலிருந்து எழுப்ப, பின்பக்கமாகக் கையை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறி உட்காரச் சொல்லிக்கொடுத்தார்கள். அது எனக்கு அப்போதுதான் உதவியது. மெத்தைக்குப் பக்கத்தில் மடித்த சாக்குக் கட்டு இருந்தது. அதை ஒட்டி ஒரு மல்லி மூட்டை, அதை ஒட்டி இரட்டை மூட்டை. படிக்கட்டு தயாராகவே இருந்தது! "முதுகை மூட்டைப் பக்கமாத் திருப்பிக்கிடுங்க முதலாளி, கையைப் பின்னால ஊனி ஒரு எம்பு" என்றேன். சாக்குக் கட்டில் ஏறினார். மூச்சு வாங்கிக்கொண்டு மூட்டைக்கு ஏறினார். அங்கிருந்து இரட்டை மூட்டை. அதற்கு மேல் என் தோளைப் பிடித்து நின்றுவிட்டார். எட்டு வருஷத்தில் கணக்குப்பிள்ளை தூக்காமல் நின்றது அன்றைக்குத்தான். கொல்லைக்குப் போய்த் திரும்பி வந்தவர் மெத்தைக்குப் போகவில்லை, இரட்டை மூட்டையிலேயே உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். இடுப்பை மடக்க வேண்டாத உயரம், டாக்டர் கட்டளைக்குச் சரியாக இருந்தது. ஆல்பத்தை நடுவில் விரித்து, போன வருஷத்தைவிடக் கூடுதலாகவே ஆர்டர் கொடுத்தார்.

அதோடு விடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கணக்குப்பிள்ளையைக் கடை கடையாக அனுப்பி, ஆல்பத்துக்காரருக்கு இடுப்பில் ஆபரேஷன், மூட்டை போட்டு உட்காரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார். நான் பயந்த மாதிரி ஒருவரும் ஆள் முடிந்தான் என்று பேசவில்லை. இதை முதலிலேயே சொன்னால் என்ன என்று என்னைத்தான் ஏசினார்கள். பூஜைக்கு முதல் நாள் ஆர்டர் புத்தகத்தை எங்கள் முதலாளி மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "கோடவுனுக்கு வேற ஆளைப் பாத்துக்கிடுறேன், நீங்க கெளம்புங்க அண்ணாச்சி."

பெஞ்ச்

மார்கழியில் காலண்டர் லோடு இறக்கப் போனேன். மல்லிக்கடையில் மெத்தையைக் காணோம். உயரமாக ஒரு மேசை, இரண்டு பக்கமும் முதுகு சாய்கிற பெஞ்ச். கடை நிறையக் கூட்டம், தரகர்களும் கமிஷன்காரர்களும். நான் படி ஏறியதைப் பார்த்ததும் மல்லிக்கடை முதலாளி மேசையில் கையை ஊன்றி எழுந்து நின்றார். யாருக்கும் எழுந்திருக்காதவர் ஒரு காலண்டர் ஏஜென்டுக்கு எழுந்திருக்கிறாரே என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் கிட்டப் போய், "எதுக்கு முதலாளி இதெல்லாம், ஊரு இத்தனை வருசமாத் திமிருன்னு பேசினப்பவே முட்டி வலியைச் சொல்லியிருக்கலாமே" என்றேன். அவர் உட்காராமலே, கடைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "வலிக்குதுன்னு சொல்றதை விட, திமிர் பிடிச்சவன்னு பேர் எடுக்குறது கௌரவம்னு இருந்துட்டேன்யா."

ஆகவே சொந்தங்களே, வலித்தால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், வைத்தியம் கிடைக்காவிட்டாலும் உட்கார ஒரு பெஞ்சாவது கிடைக்கும்.